இரவு வானத்துக்கு எந்த லென்ஸ்? ஓர் அண்டா கணக்கு

காலடிப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு எதிர்வீட்டுத் தம்பி ஒரு ராத்திரி புதுக் கேமராவோடு ஏறி வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பகுதிநேர வேலையில் சேர்த்த காசு. பையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு 70-300 மிமீ ஜூம் லென்ஸ் ஒன்றை எடுத்து மாட்டினான். அடுத்த மாதம் நண்பர்களோடு ஜவ்வாது மலைக்குப் போகிறானாம். அங்கே நட்சத்திரங்களைப் படம் எடுக்க வேண்டுமாம்.

"எதுக்குடா இவ்ளோ பெரிய ஜூம்?"

"இன்னாண்ணா, நட்சத்திரம் அம்மாந்தூரத்துல கீது. ஜூம் போட்டு இஸ்துக்கினு வந்தாத்தானே தெரியும்?"

நியாயமான கேள்விதான். காசிமேட்டில் விசைப்படகின் மேல் உட்கார்ந்திருக்கும் கடற்காகத்தை எடுக்க ஜூம் வேண்டும். ஆனால் நட்சத்திரத்தின் தூரம் ஜூமுக்கு அடங்குகிற தூரம் இல்லை. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமே 4.2 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. 50 மிமீ லென்ஸில் அது ஒரு புள்ளி. 300 மிமீ லென்ஸிலும் புள்ளிதான். நிலாவுக்கு மட்டும் அவன் ஜூம் நன்றாகவே உதவும். மற்றபடி இரவு வானத்தில் எல்லோரும் எடுக்க ஆசைப்படும் பால்வீதியோ ஒரு அடிவானத்தில் தொடங்கி மறு அடிவானம் வரை நீண்டு கிடக்கிறது. அதை ஜூம் போட்டு எடுப்பது, திருவொற்றியூர் தேரைச் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது மாதிரி.

சரி, அப்படியானால் என்ன வேண்டும்? எங்கள் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட வீடுகளில், மழை வந்தால் கையில் கிடைத்த பாத்திரமெல்லாம் மாடிக்குப் போகும். தூறல்தான் என்று வையுங்கள். வாய் குறுகிய குடத்தை வைத்தால் அரை மணி கழித்தும் அடி நனைந்திருக்கும், அவ்வளவுதான். வாய் அகன்ற அண்டாவை வைத்தால் ஓரளவாவது தேறும். நட்சத்திர ஒளி அப்படி ஒரு தூறல். பகல் வெளிச்சம் ஐப்பசி மழை மாதிரி; அதில் எந்தப் பாத்திரமும் நிரம்பிவிடும். அதனால்தான் பகலில் அருமையாகப் படம் தரும் லென்ஸ் ராத்திரியில் கைவிடுகிறது.

லென்ஸின் வாய் என்பது அப்பர்ச்சர். அதன் அளவை எஃப் எண்ணால் சொல்கிறார்கள். லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸின் மேல் மிமீயில் எழுதியிருக்கும் எண்) வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மிமீ லென்ஸ் எஃப் 1.8 என்றால் அதன் வாய் கிட்டத்தட்ட 28 மிமீ அகலம். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 18-இல் வைத்தால் எஃப் 3.5, அதாவது 5 மிமீயைக் கொஞ்சம் தாண்டும் ஓட்டை. வகுத்து வரும் எண் என்பதால் எண் சிறிதானால் வாய் பெரிது. புதிதாக வருகிற எல்லோரும் இங்கே ஒருமுறை தடுமாறுவார்கள், நானும் தடுமாறியிருக்கிறேன்.

இங்கே அந்தத் தம்பி என்னை மடக்கினான். கால்குலேட்டரை எடுத்து, "300-ஐ 5.6-ஆல வகுத்தா 53 வருதுண்ணா. என் லென்ஸுக்குத்தானே பெரிய வாய்?" என்றான். கணக்கு சரி. ஆனால் தண்ணீரைப் பிடித்தால் போதாது. அதை எதில் ஊற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். குவியத் தூரம் கூடக் கூட லென்ஸ் வானத்தின் சின்னத் துண்டை எடுத்துப் பெரிதாக விரிக்கிறது. ஓர் அண்டா தண்ணீரை அகலமான தாம்பாளத்தில் ஊற்றினால் விரல் நனையும் ஆழம்கூட நிற்காது; அதே தண்ணீர் சொம்பில் தளும்பும். எஃப் எண் என்பது வாயின் அகலத்தையும் விரிப்பின் அகலத்தையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. பால்வீதியின் மங்கலான மேகத்துக்கு இந்த ஆழம்தான் முக்கியம். தனித்தனி நட்சத்திரங்கள் விரிந்தாலும் புள்ளியாகவே இருப்பதால், அவற்றுக்கு வாயின் அகலமே நேரடியாகப் பயன்படுகிறது. தொலைநோக்கிக்காரர்கள் அதனால்தான் வாயைச் சொல்லியே பேசுவார்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியை 2.34 மீட்டர் தொலைநோக்கி என்கிறார்கள். அது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்ற பேச்சே இல்லை. 2.34 மீட்டர் என்பது அதன் கண்ணாடியின் விட்டம். மலைமேல் வைத்த அண்டா.

வாயின் பரப்பு விட்டத்தின் வர்க்கமாகக் கூடுவதால், எஃப் எண்ணில் சின்ன வித்தியாசமும் பெரிதாக வேலை செய்யும். எஃப் 2.8-இலிருந்து எஃப் 1.4-க்குப் போனால் ஒளி 4 மடங்கு. கிட் லென்ஸின் 3.5-இலிருந்து 1.8-க்குப் போனால் ஏறக்குறைய அதே அளவு. இரவு வானத்துக்கு லென்ஸ் வாங்குபவர் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. 2.8 அல்லது அதற்குக் கீழே.

"வாய் சின்னதா இருந்தா என்ன, ராத்திரி முழுக்க வெச்சிடலாமே" என்று தோன்றும். வைக்கலாம், பூமி நின்றால். அது மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. ட்ரைபாட் எவ்வளவு உறுதியாக நின்றாலும் அது நிற்கிற தரையே திரும்புகிறது. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளிகள் கோடாகிவிடும். வேண்டுமென்றே அப்படி எடுத்து, வட துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டங்கள் வரைவதும் ஒரு கலை. அது வேறு கதை.

எத்தனை விநாடி வைக்கலாம் என்பதற்குப் பழைய ஒரு வழி இருக்கிறது. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், அதாவது ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் வகையில், 20 மிமீ லென்ஸ் என்றால் 25 விநாடி. ஆரம்பத்தில் நாம் வாங்குகிற கேமராக்களில் பெரும்பாலும் சிறிய சென்சார், கிராப் சென்சார் என்பார்கள். அதில் குவியத் தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்க வேண்டும் (கேனானில் 1.6). 18 மிமீ 27 ஆகும், நேரம் 18 விநாடி. 50 மிமீ 75 ஆகும், ஆறரை விநாடி. தம்பியின் 300 மிமீ 450 ஆகும்; ஒரு விநாடியைத் தாண்டினால் கோடு. தாம்பாளத்தில் பரப்பிய தண்ணீர், அதுவும் ஒரே விநாடி பெய்த மழை.

இந்த 500 ஃபிலிம் காலத்துக் கணக்கு. இன்றைய 24 மெகாபிக்ஸல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் நட்சத்திரங்கள் அரிசி மாதிரி லேசாக நீண்டிருக்கும். நான் 300-ஐ வைத்தே வகுக்கிறேன். கிட் லென்ஸுக்கு 11 விநாடிதான் கிடைக்கும், பரவாயில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வடக்கே துருவத்தை ஒட்டிய நட்சத்திரங்கள் மெதுவாக நகரும். தலைக்கு மேலும் தெற்கிலும் வேகமாக நகரும். நமக்குப் பிடித்ததெல்லாம் தெற்கில்தான் இருக்கிறது.

ஆக, அகலமான லென்ஸுக்கு இரட்டை லாபம்: வானம் நிறைய அடங்கும், நேரமும் அதிகம் கிடைக்கும். எவ்வளவு அடங்கும் என்பதைக் கையாலேயே அளக்கலாம். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை வானத்தில் ஏறக்குறைய 20 பாகை. முஷ்டி மடக்கினால் 10. கிராப் சென்சாரில் 50 மிமீ லென்ஸ் ஒரு சாணும் கொஞ்சமும் காட்டும். 18 மிமீ மூன்று சாணுக்கு மேல். 11 மிமீ கிட்டத்தட்ட ஐந்து சாண்; அதாவது முழுக் கிழக்கிலிருந்து முழுத் தெற்கு வரை ஒரே படத்தில்.

இப்போது காசு விஷயம். முதல் பயணத்துக்கு எதுவும் வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. கிட் லென்ஸை 18-இல் வையுங்கள், எஃப் 3.5, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200, 11 அல்லது 12 விநாடி, ரா வடிவத்தில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு). ஒரே இடத்தில் அடுத்தடுத்து 20 படம் எடுங்கள். சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் அவற்றை நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொருத்தி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தரும். இருபது படத்தை அடுக்கினால் மணல் தூவிய மாதிரி இருக்கும் இரைச்சல் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சின்னக் குடத்தையே இருபது முறை நிரப்புவது மாதிரிதான். பொறுமை வேண்டும்; செலவில்லை.

அடுத்து, கல்யாண வேலை செய்கிற எல்லாப் புகைப்படக்காரர் பையிலும் கிடக்கும் 50 மிமீ எஃப் 1.8. கேனானின் அந்த லென்ஸ் 160 கிராம்தான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம். பால்வீதி முழுசாக அடங்காது என்பதால் இதை வானத்துக்கு ஆகாது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மார்கழி, தை மாதங்களில் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், திருவாதிரை நட்சத்திரம் ஒரு மூலையில், நடுவே மூன்று நட்சத்திரப் பட்டை, கீழே ரைஜல் நட்சத்திரம் என்று ஓரியன் விண்மீன் கூட்டம் அச்சாக அடங்கும். கார்த்திகையின் ஆறு மீன்களும் தனித்தனியாகத் தெரியும். அகல லென்ஸில் இவையெல்லாம் கடுகு சிதறியது போலத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் ஒரே ஓர் அகல லென்ஸ் வாங்குங்கள். கிராப் சென்சார் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) வைத்திருப்பவர்களுக்குச் சிக்மா 16 மிமீ எஃப் 1.4 நல்ல தொடக்கம். கிட் லென்ஸைவிட ஆறு மடங்கு ஒளி, எடை 400 கிராம் அளவு. உள்ளே கண்ணாடி இருக்கும் பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் டோக்கினா 11-16 மிமீ எஃப் 2.8. ஃபுல் ஃப்ரேமுக்குச் சாம்யாங் 14 மிமீ எஃப் 2.8, கையால் ஃபோகஸ் செய்கிற வகை. இருட்டில் ஆட்டோஃபோகஸ் எப்படியும் திணறும், அதனால் அது இல்லாத லென்ஸை வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிப்பதில் நட்டமே இல்லை. ட்ரைபாடில் வைக்கப் போகிறோம் என்பதால் கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதிக்கும் காசு கொடுக்க வேண்டாம். காசு தாராளமாக இருப்பவர்கள் சிக்மா 14 மிமீ எஃப் 1.8 பற்றிக் கேட்பார்கள். அருமையான லென்ஸ்தான், ஆனால் ஒரு கிலோவுக்கு மேல். அந்தக் கனத்துக்கு ட்ரைபாடும் கனக்க வேண்டும். சோனியின் 20 மிமீ எஃப் 1.8 வெறும் 373 கிராம். பயணத்தில் இரண்டாம் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுதான் இந்த வித்தியாசம் தோளுக்குப் புரியும்.

எஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடவும் கூடாது. வாயை முழுக்கத் திறந்தால் பல லென்ஸ்களில் படத்தின் மூலைகளில் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் சிறகு முளைத்துப் பறவை மாதிரி ஆகிவிடும். இதன் பெயர் கோமா. கிரேக்கத்தில் தலைமுடி என்று பொருள். மயக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பகலில் மனித முகம் எடுக்கும்போது இது கண்ணிலேயே படாது. கருப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும்போது ஒளிய இடமில்லை. வாயை எஃப் 1.4-இலிருந்து 2-க்கும், 1.8-இலிருந்து 2.8-க்கும் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். அதனால் 1.4 என்று எழுதியிருக்கும் லென்ஸைப் பாதி நேரம் 2-இல்தான் பயன்படுத்துவோம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

இதைச் சோதிக்க மலை ஏற வேண்டியதில்லை. வட சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் ஏதாவது ஒரு தூண்டில் வளைவுப் பக்கம் ராத்திரி நின்று கடலைப் பாருங்கள். துறைமுகத்துக்குள் போக முறை வருவதற்காகக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும், வரிசையாக விளக்குகளோடு. நம் லென்ஸுக்கு அவைதான் செயற்கை நட்சத்திரங்கள். ஒரு விளக்கைப் படத்தின் நடுவில் வைத்து ஒன்று, நான்கு மூலைகளில் வைத்து நான்கு எடுங்கள். கப்பல் லேசாக ஆடும், அதனால் ஷட்டர் நேரத்தைக் குறைவாக வையுங்கள். நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி சிறகு முளைத்தால் அது லென்ஸின் சுபாவம். ஒரு மூலையில் மட்டும் மோசம் என்றால் அந்த லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

ஃபோகஸையும் அங்கேயே பழகிவிடலாம். லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும். வளையத்தை அது வரை திருப்பிவிட்டால் போதும் என்று நினைத்து ஒரு முழு இரவை நான் தொலைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு பணியாரம். திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை, சிரியஸோ அகத்திய நட்சத்திரமோ, பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அது இருப்பதிலேயே சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். அப்புறம் வளையம் நகராமல் இருக்க ஒரு துண்டு செலோடேப்.

எங்கே போவது என்பதும் லென்ஸ் கேள்விதான். எங்கள் மாடியிலிருந்து வானம் ஆரஞ்சு கலந்த சாம்பல் நிறத்தில் தெரியும். ஒரு பக்கம் மணலி ஆலைகள், ஒரு பக்கம் துறைமுகம். இதே ஊரில், நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்திலிருந்து 1861-இல் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். இப்போது அங்கே நின்றால் கார்த்திகை மீன்களை எண்ணுவதே கஷ்டம். இப்படிப்பட்ட வானத்தில் எஃப் 1.4 உதவாது, அண்டா மழையோடு சேர்த்துச் சாக்கடையையும் பிடித்துக்கொள்ளும். ஐந்து விநாடியிலேயே படம் வெளுத்துவிடும்.

பக்கத்தில் இருக்கிறதே என்று பழவேற்காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால்வீதியின் மையம் விருச்சிகத்தின் வாலை ஒட்டி, பஞ்சாங்கம் மூலம் என்று சொல்லும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது தென்கிழக்கில் எழுந்து தெற்கே போகும். பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர், அப்புறம் சென்னை முழுவதும். அதாவது, நமக்கு வேண்டியது நகரத்தின் வெளிச்சத்துக்கு மேல் போய் நிற்கும். அது எழுந்த முதல் இரண்டு மணி நேரம்தான் நமக்கு, அப்போது அது கடல் மேல் இருக்கும். அந்த நேரத்தில் 14 மிமீ போட்டால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகளும் ஓரத்தில் வந்து சேரும். 24 அல்லது 35 மிமீ லென்ஸால் கடல் பக்கத்தை மட்டும் கத்தரித்து எடுக்கலாம். முகத்துவாரப் பக்கம் இருட்டில் தனியாக இறங்காதீர்கள். ஊர் மீனவர் யாரையாவது கேட்டுக்கொண்டு போவது நல்லது.

ஜவ்வாது மலை, ஏலகிரிப் பக்கம் போனால் தெற்கு ஓரளவு இருட்டாகக் கிடைக்கும், அங்கே 14, 16 மிமீ தன் வேலையைக் காட்டும். நாம் 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் பால்வீதி மையம் தெற்கில் 48 பாகை உயரம் வரை ஏறும். லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்தில் ஒரு முஷ்டி உயரத்தைக்கூடத் தொடாது. மார்ச் கடைசியில் நள்ளிரவை ஒட்டி எழும். விடியும் முன் உச்சத்துக்கு வந்திருக்கும். ஜூனுக்குப் பிறகு மாலையிலேயே தெரிய ஆரம்பிக்கும், ஆனால் மேகம் விடாது. எனவே மாசியிலிருந்து சித்திரை வரை, அமாவாசையை ஒட்டிய நாட்கள்.

கடைசியாக ஈரம். நம் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் லென்ஸுக்கு எமன். ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால் கண்ணாடி உடனே வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். விடியற்காலைப் பனியில் லென்ஸ் மங்காமல் இருக்க, பவர் பேங்கில் ஓடும் சூடாக்கும் பட்டை கிடைக்கிறது. லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடலாம். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசியில் புதைக்காதீர்கள், தவிடு உள்ளே போகும். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கடையிலேயே செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் பூஞ்சை. நகரத்தில் ஒரு கடையில் "தூசி சார், துடைச்சா போயிடும்" என்று சொல்லி எனக்கு ஒரு 24 மிமீயைத் தலையில் கட்டினார்கள். உள்ளே இருந்ததை எந்தத் துணியால் துடைப்பது?

தம்பி 70-300-ஐத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு நிலாவை எடுத்து அனுப்பினான், பள்ளங்களெல்லாம் தெளிவாக. ஜவ்வாது மலைக்குக் கிட் லென்ஸோடு என் 50 மிமீயையும் இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இரண்டு வாரம் ஆகிறது, லென்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை.